முதலில் அளவை, பிறகு பயணம்: காவிரி டெல்டாவில் பிள்ளைகளுக்கான அறிவியல்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் பிள்ளைகளுக்கு அறிவியல் ஆர்வத்தை வளர்க்க நினைக்கும் பெற்றோர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். விடுமுறையில் சென்னைக்குக் கூட்டிப்போய்க் கோளரங்கத்தைக் காட்டுகிறார்கள். இல்லாவிட்டால் பக்கத்து டவுனில் திறந்திருக்கும் ரோபாட்டிக்ஸ் வகுப்பில் சேர்க்கிறார்கள். இரண்டிலும் தவறு இல்லை. ஆனால் சொந்த ஊரைச் சுற்றி இருப்பது கண்ணில் படாமலே போகிறது. நூறாண்டு கடந்த நெல் ஆராய்ச்சி நிலையம் இங்கே இருக்கிறது. வாழைக்கென்று ஒரு தேசிய மையம் இருக்கிறது. உலக அளவில் அங்கீகாரம் பெற்ற ஈரநிலங்கள், வானிலை ரேடார், உலோகம் வார்க்கும் பட்டறைகள், வீணை செய்யும் வீடுகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, மேட்டூரில் திறக்கும் தண்ணீரை வயல் வரைக்கும் பிரித்துக் கொண்டுபோகும் மிகப் பெரிய வாய்க்கால் அமைப்பு வீட்டு வாசலில் ஓடுகிறது.

இவற்றைப் பயன்படுத்த ஒரு வரிசை வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. பிள்ளை முதலில் தன் ஊரில் எதையாவது அளக்க வேண்டும். அளந்ததில் புரியாதது ஒன்று மிஞ்சும். அந்தக் கேள்வியோடுதான் ஆராய்ச்சி நிலையத்துக்கோ அறிவியல் மையத்துக்கோ போக வேண்டும். இதைத் தலைகீழாகச் செய்தால், அதாவது முதலில் பேருந்து பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்தால், மூன்றாம் நாள் பிள்ளைக்கு நினைவில் நிற்பது மதியம் சாப்பிட்ட பிரியாணிதான். கேள்வி கையில் இருந்தால் அதே இடத்தில் அதே விஞ்ஞானியிடம் கிடைக்கும் பதில் வேறு தரத்தில் இருக்கும்.

வாய்க்காலில் எத்தனை கன அடி

"மேட்டூரில் இருந்து 10,000 கன அடி திறப்பு" என்று செய்தி வராத ஆண்டு கிடையாது. வழக்கமான திறப்பு நாள் ஜூன் 12. ஒரு கன அடி என்பது விநாடிக்கு 28.3 லிட்டர். 10,000 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் 0.864 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). மேட்டூரின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. இந்த எண்கள் டெல்டாவின் ஒவ்வொரு டீக்கடையிலும் பேசப்படுகின்றன. ஆனால் ஒரு கன அடி என்றால் எவ்வளவு என்பதைக் கண்ணால் பார்த்த பிள்ளைகள் குறைவு. ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒரு காலை நேரத்தில் அதை அளந்துவிடலாம்.

தேவையானவை: 20 மீட்டர் அளவு நாடா, நான்கு குச்சிகள், நூல், கைபேசியின் நேரம் காட்டி, ஒரு மீட்டர் அளவுகோல், மிதவை. மிதவைக்கு எலுமிச்சைப் பழமோ, முக்கால் பாகம் தண்ணீர் நிரப்பி மூடிய அரை லிட்டர் பாட்டிலோ போதும். காலி பாட்டிலைப் போடக் கூடாது. அது தண்ணீருக்கு மேலே நிற்பதால் காற்று தள்ளிக்கொண்டு போகும். அப்போது ஓட்டத்தின் வேகத்துக்குப் பதிலாகக் காற்றின் வேகம்தான் கிடைக்கும்.

நேராக ஓடும், ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் அடைக்காத, முழங்காலளவு ஆழமுள்ள கிளை வாய்க்காலைத் தேர்ந்தெடுங்கள். கரையில் 10 மீட்டர் அளந்து, இரு முனையிலும் வாய்க்காலுக்குக் குறுக்கே நூல் கட்டுங்கள். மேல் நூலுக்கு இரண்டு மீட்டர் முன்னதாகவே மிதவையை விடுங்கள். நூலை எட்டுவதற்குள் அது ஓட்டத்தின் வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். நடுவில் மூன்று முறை, இரு ஓரங்களில் இரண்டிரண்டு முறை விட்டுச் சராசரி எடுங்கள். நடுவில் மட்டும் விட்டால் கணக்கு கூடுதலாக வரும், ஏனென்றால் ஓரத்து நீரைக் கரை பிடித்து இழுக்கிறது.

அடுத்து குறுக்குவெட்டுப் பரப்பு. வாய்க்கால் 3 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். அதை 60 செ.மீ. அகலமுள்ள ஐந்து பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நடுவிலும் ஆழம் பாருங்கள். 20, 40, 50, 40, 20 செ.மீ. என்று வந்தால் பரப்பு 1.02 சதுர மீட்டர். 10 மீட்டரைக் கடக்க மிதவைக்கு 25 விநாடி ஆனால் மேற்பரப்பு வேகம் விநாடிக்கு 0.4 மீட்டர். அடியில் ஓடும் நீர் மேற்பரப்பைவிட மெதுவாகப் போகும் என்பதால் 0.85-ஆல் பெருக்க வேண்டும். புல்லும் பாசியும் மண்டிய ஆழமில்லாத வாய்க்கால் என்றால் 0.7. மேலே சொன்ன எண்களுக்கு 1.02 × 0.4 × 0.85 = 0.347 கன மீட்டர். அதாவது விநாடிக்கு 347 லிட்டர், சுமார் 12 கன அடி.

இந்த 12 கன அடியை வைத்துப் பிள்ளை மேலும் கணக்குப் போடலாம். ஒரு ஏக்கரில் 5 செ.மீ. தண்ணீர் நிற்க இரண்டு லட்சம் லிட்டருக்குச் சற்று மேல் வேண்டும். வாய்க்கால் முழுவதும் ஒரே வயலுக்குள் திரும்பினால் பத்தே நிமிடம். உண்மையில் ஏன் அரை நாள் ஆகிறது என்று வயல்காரரிடம் கேட்கச் சொல்லுங்கள். மடையின் அகலம், வெடித்த நிலம் முதலில் குடிக்கும் நீர், நண்டு வளையில் கசிவது, மேல்மடைக்காரரின் முறை என்று பாடப்புத்தகத்தில் இல்லாத நான்கு பதிலாவது கிடைக்கும். அதே வாய்க்கால் இரண்டரை ஆண்டு நிற்காமல் ஓடினாலும் ஒரு டி.எம்.சி. தேறாது என்பதையும் பிள்ளையே போட்டுப் பார்க்கட்டும்.

இதைச் செய்த பிறகு கல்லணைக்குப் போங்கள். காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என நான்காகப் பிரியும் இடத்தில் நின்று எந்த மதகு எத்தனை அடி உயர்ந்திருக்கிறது என்று பார்க்கும் கண், கரிகாலன் சிலையோடு படம் எடுத்துக்கொள்ளும் கண்ணிலிருந்து வேறுபட்டது. முக்கொம்பு மேலணையும் அப்படித்தான். ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் காலத்தில், 1830-களில் கட்டப்பட்ட அந்த அணையின் கொள்ளிடப் பகுதியில் 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் மதகுகள் உடைந்தன. ஓடும் நீர் தூணின் அடியில் இருக்கும் மணலை எப்படி அரிக்கிறது என்பதை வாய்க்காலில் ஒரு செங்கலை நட்டு வைத்து அரை மணி நேரத்தில் காட்டிவிடலாம். செங்கலின் முன்பக்க அடியில் குழி விழும்; குழி பெரிதானதும் செங்கல் ஓட்டம் வரும் திசையை நோக்கியே சாயும்.

ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்கிறோம். கொள்ளிடத்திலோ காவிரியின் பெரிய கிளைகளிலோ இந்த அளவையைச் செய்யக் கூடாது. மணல் அள்ளிய குழிகள் மேலிருந்து தெரியாது. வாய்க்காலிலும் மதகுக்கு அருகே வேண்டாம். முறை மாறும்போது சொல்லாமல் நீர் உயரும். பெரியவர் ஒருவர் தண்ணீருக்குள் கீழ்ப்பக்கம் நிற்க வேண்டும்.

நெல், உப்பு, குழாய்

விதை நெல்லை உப்புக் கரைசலில் போட்டுப் பதர் பிரிப்பது டெல்டாவில் பலருக்குத் தெரிந்த வேலை. ஒரு வாளித் தண்ணீரில் முட்டையைப் போட்டு, அது மேலே வந்து 25 பைசா அளவுக்கு ஓடு வெளியே தெரியும் வரை உப்பைக் கரைக்க வேண்டும். அதில் நெல்லைப் போட்டால் பொக்கு மிதக்கும், திரட்சியான மணி அமிழும். அமிழ்ந்ததை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசாவிட்டால் முளைப்பு கெடும். முட்டை புதிதாக இருக்க வேண்டும். பழைய முட்டைக்குள் காற்றறை பெரிதாகிவிடுவதால் உப்பே போடாத தண்ணீரிலும் மிதக்கும். அடர்த்தி பற்றிய பாடத்துக்கு இதைவிட நல்ல சோதனையை ஆய்வகத்தில் காட்டுவது கடினம்.

அடுத்த படி, உவர் நீரில் நெல் எப்படி முளைக்கிறது என்று பார்ப்பது. 2004 சுனாமிக்குப் பிறகு நாகைக் கரையோர வயல்கள் எதிர்கொண்ட அதே கேள்வி இது. 10 கிராம் தூள் உப்பை ஒரு லிட்டர் நீரில் கரையுங்கள். அதில் 500 மி.லி. எடுத்து 500 மி.லி. நல்ல நீர் சேர்த்தால் லிட்டருக்கு 5 கிராம். 200 மி.லி.யோடு 800 மி.லி. சேர்த்தால் 2 கிராம். சிறிய எடைகளை அளக்கும் தராசு இல்லாத வீட்டில் இப்படி நீர்த்துக்கொள்வதுதான் சரி. நல்ல நீர், 2, 5, 10 என நான்கு தட்டுகள். ஒவ்வொன்றிலும் பருத்தித் துணி விரித்து, 24 மணி நேரம் அந்தந்த நீரிலேயே ஊறிய 25 நெல்மணிகளை வைத்து மூடுங்கள். ஐந்தாம் நாளும் பத்தாம் நாளும் முளைத்தவற்றை எண்ணி, வேரையும் குருத்தையும் அளவுகோலால் அளக்க வேண்டும்.

5 கிராம் தட்டில் முளைத்த மணிகளின் எண்ணிக்கை நல்ல நீர்த் தட்டோடு பெரிய வேறுபாடு காட்டாமல் இருக்கலாம். பிள்ளைகள் இங்கே ஏமாந்து, உப்பு ஒன்றும் செய்யவில்லை என்று எழுதிவிடுவார்கள். வேரின் நீளத்தை அளந்தால்தான் பாதிப்பு வெளியே வரும். நெல் முளைக்கும்போது உப்பை ஓரளவு தாங்கும், இளநாற்றுப் பருவத்தில்தான் தாங்காது. சோதனை கெடும் வழிகள் வழக்கமாக மூன்று. அறுவடையான புதிதில் எடுத்த நெல்லுக்கு விதை உறக்கம் இருக்கும் என்பதால் நல்ல நீரிலும் முளைக்காது. தட்டைத் திறந்து வைத்தால் நீர் ஆவியாகி உப்பு கூடிக்கொண்டே போகும். காய்ந்தால் வெறும் நீரைத்தான் ஊற்ற வேண்டும், உப்பு நீரை அல்ல. மூன்றாவது, பத்து மணிகளோடு நிறுத்திவிடுவது. பத்தில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் 10 சதவீதம் மாறிவிடும்.

வயல் உள்ள குடும்பங்கள் இன்னொன்றைச் செய்யலாம். காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் காயவிட்டு மறுபடி பாய்ச்சி, நீர் கட்டுவதற்கு வேளாண் துறை பரிந்துரைக்கும் வயல் நீர்க்குழாயை வீட்டிலேயே செய்துவிடலாம். 4 அங்குல பி.வி.சி. குழாயில் 30 செ.மீ. வெட்டி, கீழ்ப்பாதியில் இரண்டு செ.மீ. இடைவெளியில் சுற்றிலும் துளை போடுங்கள். துளையுள்ள பாதி மண்ணுக்குள் போகும்படி அழுத்தி, உள்ளே இருக்கும் சேற்றைக் கையால் வாரி எடுத்துவிட வேண்டும். வாராமல் விட்டால் குழாய்க்குள் நீர்மட்டம் தெரியாது. இதுதான் மிகுதியாக நடக்கும் பிழை. வரப்பிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி, வயலின் சராசரி மட்டமுள்ள இடத்தில் நட வேண்டும். குழாய்க்குள் நீர் மண்மட்டத்திலிருந்து 15 செ.மீ. இறங்கியதும் அடுத்த பாய்ச்சல். பூக்கும் பருவத்தில் மட்டும் காய்ச்சலுக்கு விடாமல் வயலில் நீர் நிற்க வேண்டும். பிள்ளை தினமும் காலையில் ஒரே நேரத்தில் அளவை எழுதிவைத்தால், ஒரு பருவத்தில் கிடைக்கும் வரைபடம் எந்த அறிவியல் கண்காட்சிக்கும் தகுதியானது. மழை பெய்த நாட்களும் அதில் இருக்க வேண்டும். அதற்கு நேர்ச்சுவர் பாட்டிலில் ஒரு மழைமானி செய்து, வானிலைத் துறையைப் போலக் காலை 8.30-க்கு அளக்கலாம். காரைக்கால் ரேடாரின் படங்கள் இணையத்தில் எல்லோருக்கும் கிடைக்கின்றன. ரேடாரில் சிவப்பாகக் காட்டிய மேகம் நம் வீட்டுப் பாட்டிலில் எத்தனை மி.மீ. ஆனது என்று ஒப்பிடுவது ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பிள்ளைகளுக்குப் பெரிய ஈர்ப்பு.

நிலையங்களுக்குப் போகும்போது

ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1922-ல் தொடங்கியது. டெல்டா விவசாயிகள் வாயில் புழங்கும் ஆடுதுறை 36, 43, 45 எல்லாம் அங்கே பிறந்த ரகங்கள். திருச்சியில் தாயனூர் அருகே தேசிய வாழை ஆராய்ச்சி மையம் 1993 முதல் இருக்கிறது. நீடாமங்கலம், சிக்கல், சிறுகமணி ஆகிய ஊர்களில் வேளாண் அறிவியல் நிலையங்கள் உள்ளன. தஞ்சாவூரில் உணவு பதப்படுத்தலுக்கான தேசிய நிறுவனமும் காட்டுத்தோட்டத்தில் மண், நீர் மேலாண்மைக்கான ஆராய்ச்சி நிலையமும் உள்ளன. இவை சுற்றுலாத் தலங்கள் அல்ல. ஞாயிற்றுக்கிழமை காரை நிறுத்தி உள்ளே போக முடியாது. பள்ளித் தலைமையாசிரியரின் கடிதத்தோடு, இரண்டு வாரம் முன்னதாக, வார நாளில், 20 முதல் 30 பிள்ளைகள் என்று கேட்டால் பெரும்பாலும் மறுப்பதில்லை. கடிதத்தில் "பார்வையிட வருகிறோம்" என்பதற்குப் பதிலாக, "உவர் நீரில் நெல் முளைப்பை அளந்தோம், முடிவைக் காட்டிச் சந்தேகம் கேட்க வருகிறோம்" என்று எழுதுங்கள். காட்டப் போகிறவர் யார் என்பதே மாறிவிடும். வயலில் பயிர் நிற்கும் காலத்தில் போக வேண்டும். அறுவடை முடிந்த பிறகு போனால் அறுத்த தாள்கட்டையும் பெயர்ப்பலகையும்தான் மிச்சம்.

எப்போதும் போகக்கூடிய இடங்களில் முதன்மையானது திருச்சி விமான நிலையத்துக்கு அருகே புதுக்கோட்டை சாலையில் உள்ள அண்ணா அறிவியல் மையக் கோளரங்கம். போகும் முன் தமிழ்க் காட்சி எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். மிகச் சிறிய பிள்ளைகள் இருட்டில் மிரளலாம், கதவோரம் உட்காருங்கள். காட்சியில் பார்த்த மூன்று விண்மீன்களை அன்றிரவே மொட்டை மாடியில் காட்டிவிட வேண்டும், தள்ளிப்போட்டால் மறந்துபோகும். ஸ்ரீரங்கம் மேலூரில் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே உள்ள வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குக் காலை பத்து, பதினோரு மணி வாக்கில், மழை முடிந்த வெயில் நாளில் போங்கள். மூட்டமான நாளில் பூச்சிகள் இறக்கையை மடித்து உட்கார்ந்துவிடும். கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் ராமானுஜன் வளர்ந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. சிறிய வீடு, பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். கணக்கில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு அந்தச் சிறிய அளவே ஒரு செய்தி.

பறவைகளுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை. கோடியக்கரை 2002-லும், வடுவூரும் உதயமார்த்தாண்டபுரமும் 2022-லும், கொள்ளிடத்துக்கு வடக்கே கரைவெட்டி 2024-லும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. பொங்கலையொட்டி நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் யார் வேண்டுமானாலும் சேரலாம். ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று எண்ணினால் போதும். கூட்டமாக இருந்தால் முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அவை அடைக்கும் இடத்தை மனதில் வைத்துக்கொண்டு, அதுபோல எத்தனை இடம் என்று பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 18, நண்பகல்

தஞ்சாவூர் ஏறத்தாழ 10.8 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. சூரியன் வடக்கே போகும்போது ஏப்ரல் 18 வாக்கிலும், திரும்பும்போது ஆகஸ்டு 24 வாக்கிலும் நண்பகலில் நேர் உச்சிக்கு வரும். செங்குத்தான பொருளின் நிழல் அதன் அடியிலேயே மறைந்துவிடும். நண்பகல் என்பது கடிகாரத்தில் 12 அல்ல. இந்திய நேரம் பிரயாக்ராஜுக்கு (முன்பு அலகாபாத்) அருகே செல்லும் 82.5 பாகை தீர்க்கக்கோட்டை வைத்தது. நாம் அதற்கு மேற்கே இருக்கிறோம். தஞ்சாவூரில் ஏப்ரலில் 12.13, ஆகஸ்டில் 12.15 அல்லது 12.16. நாகையில் இரண்டு மூன்று நிமிடம் முந்தும், திருச்சியில் இரண்டு நிமிடம் பிந்தும். பன்னிரண்டு மணிக்குக் கூடி, நிழல் இருக்கிறதே என்று கலைந்துபோகும் பள்ளிகள் உண்டு.

இதையே பூமியின் சுற்றளவை அளக்கும் சோதனையாக வளர்க்கலாம். சென்னையில் ஓர் உறவுக்காரப் பிள்ளை வேண்டும். இங்கே நிழல் மறையும் அதே நாளில், சென்னையின் நண்பகலில், அங்கே ஒரு மீட்டர் கம்பின் நிழல் சுமார் 4 செ.மீ. இருக்கும். அது 2.29 பாகைக் கோணம். தஞ்சாவூருக்கும் சென்னைக்கும் இடையே வடக்கு-தெற்காக மட்டும் உள்ள தொலைவு சுமார் 255 கி.மீ. 360-ஐ 2.29-ஆல் வகுத்து 255-ஆல் பெருக்கினால் 40,000 கி.மீ.யை ஒட்டி வரும். இதில் பிழை நுழையும் வாசல்களைப் பிள்ளைகள் தெரிந்துகொள்வதே முக்கியப் பாடம். சூரியன் ஒரு புள்ளி அல்ல, அரைப் பாகை அகலமுள்ள வட்டு. அதனால் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் நிழலின் விளிம்பு கிட்டத்தட்ட 9 மி.மீ. மங்கலாகும். 40 மி.மீ. நிழலில் இது பெரிய பிழை. கம்பின் உச்சியில் 5 மி.மீ. துளையிட்ட அட்டையைப் படுக்கையாக ஒட்டி, தரையில் விழும் ஒளிவட்டத்தின் மையத்தைக் குறித்தால் பிழை ஓரிரு மி.மீ.க்கு இறங்கும். துளைக்கு நேர் கீழே உள்ள புள்ளியைக் கொத்தனாரின் தூக்குக்குண்டால் கண்டுபிடிக்க வேண்டும். தரையை ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். மொட்டை மாடி வாட்டம் விட்டுக் கட்டப்பட்டிருக்கும். இன்னொன்று, சாலைத் தொலைவைப் போடக் கூடாது. 340 கி.மீ. என்று போட்டால் பூமி 53,000 கி.மீ. ஆகிவிடும்.

பட்டறைகள்

தலையாட்டி பொம்மையின் தத்துவத்தைச் சொல்லாத அறிவியல் ஆசிரியர் தஞ்சையில் இல்லை. ஆனால் அதைக் கணக்காகச் செய்து பார்ப்பவர் குறைவு. 8 செ.மீ. விட்டமுள்ள ரப்பர் பந்தைப் பாதியாக வெட்டி, அடியில் 75 கிராம் களிமண்ணை அழுத்துங்கள். சுமார் 2 செ.மீ. ஆழத்துக்கு வரும். மேலே 12 செ.மீ. உயரக் காகிதக் கூம்பு. களிமண்ணின் எடைமையம் பந்தின் மையத்துக்கு 2.7 செ.மீ. கீழே இருக்கும். 75-ஐ 2.7-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் 17 கிராம்; கூம்பின் நுனி தாங்கும் எடை அவ்வளவுதான். ஒரு ரூபாய் நாணயம் ஏறத்தாழ 4 கிராம். எனவே கூம்பின் நுனியில் நான்காவது அல்லது ஐந்தாவது நாணயத்தை ஒட்டும்போது பொம்மை எழுந்திருக்காமல் கிடக்கும் என்று முன்கூட்டியே சொல்லலாம், பிறகு ஒட்டிப் பார்க்கலாம். களிமண் காய்ந்து பந்திலிருந்து விட்டுவிட்டால் உள்ளே உருளும்; ஈரமாக இருக்கும்போதே செய்யுங்கள்.

தஞ்சாவூர் வீணையில் 24 மெட்டுகள் (தந்தியை அழுத்திப் பிடிக்கும் உலோகக் கட்டைகள்), இரண்டு ஸ்தாயி. குடத்தின்மேல் தந்தியைத் தாங்கும் குதிரையிலிருந்து மறுமுனையில் தந்தியைத் தாங்கும் மேருவரை தந்தியின் நீளத்தை நாடாவால் அளந்து, 12-ஆம் மெட்டு சரிபாதியிலும், 7-ஆம் மெட்டு குதிரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கிலும் வருகிறதா என்று பாருங்கள். முன்னது மேல் ஷட்ஜம், பின்னது பஞ்சமம். அளவு சிறிது விலகும். தந்தியை மெட்டின்மேல் அழுத்தும்போது இழுவிசை கூடிச் சுருதி ஏறுவதால், கைவினைஞர் காதால் கேட்டு மெழுகில் மெட்டை நகர்த்திச் சரிசெய்கிறார். திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன் 1920-ல் மிருதங்கத்தைப் பற்றியும் அடுத்த ஆண்டு வீணை, தம்புராவைப் பற்றியும் ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார். மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலான வலந்தலையில் உள்ள கருப்புப் பூச்சு, அதாவது கரணை, எப்படி அதன் மேற்சுரங்களை இசைவாக்குகிறது என்பதை விளக்கியவர் அவர்தான். சங்கீதம் கற்கும் பிள்ளைக்கு அறிவியல் வேறு துறை அல்ல என்று காட்ட இதைவிட நெருக்கமான சான்று டெல்டாவில் கிடையாது.

சுவாமிமலையில் சிற்பம் வார்ப்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: மெழுகுச் சிலையின் எடைக்கு எவ்வளவு உலோகம் எடுப்பீர்கள்? மெழுகின் அடர்த்தி ஒன்றுக்குச் சற்றுக் கீழே, வெண்கலம் 8.7 அளவில், ஆக ஒன்பது மடங்கு, வார்ப்புக் குழாய்களுக்குக் கூடுதலாகக் கொஞ்சம். பதிலைக் கேட்டுப் பிள்ளை தன் கணக்கோடு ஒப்பிடட்டும். உலோகத்தை உருக்கி ஊற்றும் நேரத்தில் பிள்ளைகள் தள்ளி நிற்க வேண்டும். அச்சில் ஈரம் மிஞ்சியிருந்தால் நீராவி உலோகத்தைத் தெறிக்கவிடும்.

சென்சார் வாங்கும் முன்

ரோபாட்டிக்ஸ் வகுப்பில் சேர்ப்பவர்கள் கட்டணத்தைக் கேட்பதற்கு முன் மூன்றைக் கேட்க வேண்டும். ஒரு கருவித் தொகுப்புக்கு எத்தனை பிள்ளைகள்? இரண்டுக்கு மேல் என்றால் மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். மின்னழுத்தம், மின்னோட்டம் அளக்கும் மல்டிமீட்டரைப் பிடிக்கக் கற்றுத்தருவார்களா? வேலை செய்யாத சுற்றைத் தானே ஆராய்ந்து சரிசெய்யும் வகுப்பு உண்டா? மூன்றாவதற்குப் பதில் இல்லையென்றால் அங்கே நடப்பது பொருத்திப் பிரிக்கும் விளையாட்டுத்தான்.

வயல், தோட்டம் சார்ந்த திட்டங்களில் மலிவான மண் ஈர சென்சார்கள் பல்லிளிப்பது வழக்கம். இரண்டு உலோகக் கம்பிகள் கொண்ட வகையில் தொடர்ந்து மின்சாரம் ஓடினால் மின்னாற்பகுப்பு நடந்து, சேற்றில் சில நாட்களிலேயே பூச்சு அரித்துவிடும். அளக்கும் ஒரு விநாடிக்கு மட்டும் மின்சாரம் கொடுக்கும்படி நிரல் எழுத வேண்டும், அல்லது மின்தேக்குதிறன் (கபாசிட்டிவ்) வகையை வாங்க வேண்டும். 4 அங்குலக் குழாய்க்குள் அல்ட்ராசானிக் சென்சார் வைத்து நீர்மட்டம் பார்ப்பவர்களும் உண்டு. ஒலி விரிந்து குழாய்ச் சுவரில் மோதித் திரும்புவதால் எண் தாறுமாறாக வரும். அதற்கு ஒரு தெர்மாகோல் மிதவையில் செங்குத்தாக நட்ட அளவுக்குச்சி போதும், துல்லியமும் கூடுதல்.

பள்ளி வழியாக வருபவை

அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை உள்ளவர்களுக்கான வானவில் மன்றம் என்ற செய்முறை அறிவியல் திட்டம் 2022 நவம்பரில் திருச்சியில்தான் தொடங்கப்பட்டது. கருத்தாளர்கள் பொருட்களோடு பள்ளிக்கு வந்து செய்து காட்டுகிறார்கள். செய்முறைத் தாளை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லி, அதே சோதனையைச் சமையலறைப் பொருட்களால் மறுபடி செய்யுங்கள். பக்கத்துப் பள்ளியில் மாணவர்கள் கருவிகளோடு செய்து பார்ப்பதற்கான மத்திய அரசின் அடல் டிங்கரிங் ஆய்வகம் இருந்தால், பூட்டிக் கிடக்காமல் திறக்கச் சொல்லிப் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் கேட்பது உங்கள் உரிமை.

மாணவர்களின் புது யோசனைகளுக்காக மத்திய அரசு தரும் இன்ஸ்பயர் மானக் விருதுக்குப் பள்ளி தன் மாணவர்களின் யோசனைகளை ஐந்து வரை இணையத்தில் பதிவு செய்யலாம். தேர்வானால் மாதிரி செய்ய 10,000 ரூபாய் மாணவரின் வங்கிக் கணக்குக்கு வரும். பெயரின் எழுத்து வங்கிப் புத்தகத்திலும் பதிவிலும் ஒன்றாக இருக்க வேண்டும். முதலெழுத்து மாறினாலே சிக்கல். எரிமலை மாதிரி, மழைநீர் சேகரிப்பு மாதிரி போன்றவை தேர்வாவதில்லை. நண்டு வளையால் கசியும் வரப்பை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுபோல் ஊரில் ஒருவருக்கு உண்மையிலேயே இருக்கும் சிக்கலுக்கான யோசனை தனித்துத் தெரியும்.

10 முதல் 17 வயதினருக்கான தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993 முதல் நடக்கிறது. தமிழகத்தில் இதை நடத்தும் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1980-ல் தொடங்கியது. துளிர் என்ற சிறுவர் அறிவியல் மாத இதழையும் வெளியிடுகிறது. இங்கே மாதிரிகளுக்கு மதிப்பில்லை. உள்ளூர்ச் சிக்கல் ஒன்றை எடுத்து, பிள்ளைகளே தரவு சேர்த்து, ஆய்வறிக்கை எழுத வேண்டும். பெரியவர்கள் எழுதிக் கொடுத்த அறிக்கை நடுவரின் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். அவர்கள் முதலில் கேட்பது களக் குறிப்பேட்டை. அதில் நாள், நேரம், இடம், அன்றைய வானிலை, அளந்தவர் பெயர், ஒவ்வொரு அளவையின் மூன்று தனித்தனி எண்கள் இருக்க வேண்டும். சராசரியை மட்டும் எழுதினால் போதாது. தவறாக எழுதியதை ரப்பரால் அழிக்க வேண்டாம். ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதையும் காரணத்தையும் எழுதச் சொல்லுங்கள். பேனாவில் எழுதினால் வாய்க்கால் கரையில் நனைந்து கலையும், பென்சில் கலையாது.